பச்சைப் புள்ளிக்கு ஒரு ஜெபமாலை

சேசு மரி சூசை துணை
காக்ஸ் டவுன், பெங்களூரு

பாசமுள்ள ஓஸ்வால்ட் அண்ணனுக்குத் தங்கை பெர்னதெத் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் மகள் டீனாவும் நலம். உங்கள் மைத்துனர் க்ளென் தரையில் இருக்கும் நேரங்களில் அவரும் நலம். தங்கவயலில் அண்ணியின் முட்டிவலி தேவலையா? ஃபோனில் சொன்னால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இவர் விமானம் ஓட்டப் படிக்கிறார் அண்ணா. காரை ரிவர்ஸ் எடுக்கவே நான் பின்னால் நின்று "வாங்க, வாங்க, ஐயோ போதும்" என்று கத்த வேண்டும், அந்த மனிதர். வேலை பொம்மசந்திராவில், விமானம் ஜக்கூரில்; ஊருக்கு அந்தக் கோடி ஒன்று, இந்தக் கோடி ஒன்று. அதனால் வகுப்பு நாட்களில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆபீசில் சொல்லிவிட்டு விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். ஆபீஸ் தொடங்குமுன் பறந்துவிட்டுத் திரும்புவது திட்டம். ஆனால் ஜக்கூரில் மூடுபனி விலகுவதும் ஒன்பது மணிக்கு, ஆபீஸ் தொடங்குவதும் ஒன்பது மணிக்கு. லேப்டாப்பில் இவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மௌஸ் அசையாவிட்டால் அது மஞ்சளாகி, ஆள் இல்லை என்று காட்டிக்கொடுக்கும். அசைப்பது யார்? நான்தான். வலது கையில் மௌஸ், இடது கையில் ஜெபமாலை, ஒவ்வொரு அருள் நிறை மந்திரத்துக்கும் ஒரு அசைப்பு. யாராவது செய்தி அனுப்பினால் "செக் பண்ணி சொல்றேன்" என்று போட வேண்டுமாம். அதை மட்டும் போட்டே அவர் இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறாராம். போன வாரம் மேனேஜர் சுதீர், "பொண்ணுக்கு ஜுரம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். டீனாவுக்கு ஜுரம் என்று இவர் சொல்லிவைத்தது எனக்குத் தெரியுமா? "செக் பண்ணி சொல்றேன்" என்று போட்டுவிட்டேன்.

பால் கணக்கு நோட்டிலேயே பொய்க்கணக்கும் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை தடவை பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டுமே. பங்குச்சாமி கேட்டுவிட்டு, "ஏம்மா, அசைப்புக்கு ஒரு பொய்னா கணக்குப் போட்டே? மொத்தமா ஒண்ணுன்னு சொல்லு, வெளியில வரிசை நிக்குது" என்றார். வீட்டில் இவரிடம், வேலை போனால் டீனா படிப்பு என்னாவது என்று அழுதால், "பெர்னி, இந்த வயசு வரைக்கும் எனக்குன்னு நான் கேட்டது இது ஒண்ணுதான்டி" என்கிறார். கேட்டது ஒன்றுதான், அதை ஏன் ஆகாயத்தில் போய்க் கேட்க வேண்டும்? இவர் உங்கள் ஒருவருக்குத்தான் பயப்படுவார். அடுத்த ஞாயிறு வந்து, விமானமா வேலையா என்று நாலு வார்த்தை திட்டி இதை நிறுத்துங்கள். அவர் வேலையும் என் ஆன்மாவும் உங்கள் கையில்.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

அன்புத் தங்கை,
பெர்னதெத்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது சுதீரே ஃபோன் செய்தார். "க்ளென் எங்க மேடம்? லைன்ல காணோமே?" உண்மையைச் சொல்லி இத்தோடு முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கையிலேயே ஃபோன் அதிர்ந்தது. இவருடைய செய்தி: "வாத்தியார் இல்லாம இன்னிக்குத் தனியாப் பறக்கப் போறேன். ஜெபம் பண்ணு." திறந்த வாய், "எங்க அண்ணனுக்கு நெஞ்சு வலி சார், இவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்" என்றது. இவர் பூப்போல இறங்கினார் அண்ணா, வீடியோ அனுப்பினார். "ஐயோ போதும்" என்று கத்தப் பின்னால் யாருமே இல்லை. ஞாயிறு கட்டாயம் வாருங்கள், ஆனால் திட்ட வேண்டாம். அன்றைக்குச் சுதீர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறார். இந்த ஒரு பொய்யை ஜெபக்கணக்கில் எழுதிவிட்டேன். சவரம் செய்யாமல் வாருங்கள்.