தெப்பத்து என்ஜினில் புகுந்தது தண்ணீர் மட்டும் அல்ல

சென்னீர்குப்பம்,
10-3-1992, செவ்வாய்.

சிரஞ்சீவி குணசேகரனுக்கு ஆசிகள்.

நான், உன் தமக்கை வடிவின் கணவனும், எங்கள் ஊர் அம்மன் கோயில் தெப்ப விழாக் குழுவின் செயலாளருமான கோதண்டம், நீ பழுதுபார்ப்புப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கும் ராயபுரம் கம்பெனியில் வாங்கிய படகு என்ஜினுக்கு வாரண்டி மறுக்கப்பட்டதை ஆட்சேபித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். என் பெயரும் உறவும் நீ அறிந்தவை. ஆனால் இது கம்பெனிக் கோப்பில் சேர வேண்டிய கடிதம். கோப்புக்கு நான் யாரென்று தெரியாது. இங்கு அனைவரும் நலம். உன் தமக்கையும் நலமே. நேற்று மருந்துக்கடைத் தொலைபேசியில் நான் உன்னிடம் குரலை உயர்த்தியதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, சோற்றை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். உன் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க அம்மன் அருள் புரியட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை தெப்பம். அன்று மாலை அம்மன் குளத்தை வலம் வந்தாக வேண்டும். வருவதற்கு இப்போது எந்த வழியும் இல்லை. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே படி.

சென்ற ஆண்டு தெப்பம் நடுக்குளத்தில் ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றது நினைவிருக்கும். வேம்புலியும் அவர் தெருவாரும் கரையிலிருந்து கயிற்றை இழுத்து இழுத்துக் கை சிவந்து போனார்கள். அதைக் கண்ட வருத்தத்தில்தான், மனித உழைப்பை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தோடு, என்ஜின் வாங்கும் தீர்மானத்தைக் குழுக் கூட்டத்தில் நான் கொண்டுவந்தேன். வேம்புலி பாடி தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டுகிறவர், இயந்திரத்தின் அருமை தெரிந்தவர், மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எழுந்து நின்று, "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து நாங்கோ இஸ்துகினு வர்றோம். இப்போ எங்க கை கசந்து பூட்ச்சா? சரி சார், என்ஜினே இஸ்கட்டும். எங்க தெருவுலேர்ந்து ஒரு ஆளு கயித்த தொடமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தம் ஆட்களோடு வெளியேறினார். ஆக, கயிறு பிடிக்க ஆள் இல்லை என்றாகி, என்ஜின் ஒன்றே கதி என்று நிற்கும்போது அந்த என்ஜினும் படுத்துவிட்டது.

படுத்தது எப்படி என்பதில்தான் உனக்கும் எனக்கும் வழக்கு. புதிய என்ஜினை அம்மன் தெப்பத்தில் பூட்டும் முன் சுத்தி செய்ய வேண்டும் என்று பூசாரி உத்தமன் சொன்னார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு முடியும் என்று நினைத்தேன். சென்ற வெள்ளியன்று அவர் அம்மனுக்குப் பக்கத்திலேயே என்ஜினையும் மணை போட்டு உட்காரவைத்து, இருவருக்கும் ஒரே அபிஷேகம் என்றார். மேல்மூடியைக் கழற்றச் சொன்னார். நான் தயங்கினேன். "இன்னா சார் யோசிக்கிறீங்கோ? துணிய போட்டுகினு யாராச்சும் குளிப்பாங்களா?" என்று கேட்டார். கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். அபிஷேகத்தின்போது மூடியைத் திறக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. மாறாக, கடலில் ஓட்டிய என்ஜினை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்றுதான் இருந்தது. கழற்றினேன். ஊற்றினார்கள். மஞ்சள் நீர், பால், தயிர், இளநீர், பஞ்சாமிர்தம். பெண்கள் குலவையிட்டார்கள். உன் தமக்கையும் ஒரு செம்பு ஊற்றினாள். இதை அவள் மறுப்பாள், நான் பார்த்தேன்.

மறுநாள் கோயில் வாசலில் நிறுத்திக் கிளப்பினோம். அந்த என்ஜினைக் கிளப்புவதற்கு ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது நீ அறிந்ததே. இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுத்தேன். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேம்புலி, "இன்னா சார், கயிறு வாண்டாம்னுதானே என்ஜின் வாங்கினே? இப்ப அதுக்கும் கயிறு இஸ்துகினு கீறியே!" என்றார். கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் டீயைத் தன் கால்மேல் ஊற்றிக்கொண்டு சிரித்தான். என்னப்பா செய்வது, நான் கையேட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நேற்றுக் காலை நீ அனுப்பிய மெக்கானிக் ரகுநாதன் வந்தார். பூட்ஸ் காலோடு மண்டபத்தில் ஏறியதை உத்தமன் கண்டித்தார். ரகுநாதன் கார்புரேட்டரைத் திறந்து, விரலை விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்து, "சார், ஏலக்காய் வாசனை வருதே!" என்றார். ஸ்பார்க் பிளக்கில் வாழைப்பழம் இருந்தது. பேரீச்சம்பழத்தின் தோல் ஒன்றையும் எடுத்து வெளியே வைத்தார். இவ்வளவையும் கண்ணால் கண்டவர் அறிக்கையில் என்ன எழுதினார்? "தண்ணீர் புகுந்ததால் பழுது, வாரண்டி இல்லை." அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆய்வுப் பிரிவிலேயே தலைமுடி நரைத்தவன் நான். கண்டது ஒன்றாகவும் எழுதுவது வேறாகவும் இருக்கும் அறிக்கையை எங்கள் வாசற்காவலர்கூட ஏற்க மாட்டார். நீ அதில் கையொப்பமிட்டிருக்கிறாய்.

இனி என் வாதம். உங்கள் வாரண்டி அட்டையின் ஆறாவது நிபந்தனை, என்ஜின் நீரில் மூழ்கியதால் நேரும் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்கிறது. எங்கள் என்ஜின் எங்கும் மூழ்கவில்லை. அது மணையில் உட்கார்ந்திருந்தது. என்ஜின் தண்ணீருக்குள் போகவில்லை, தண்ணீர்தான் என்ஜினுக்குள் வந்தது. தவிரவும், பாலும் தயிரும் தண்ணீர் ஆகா. எங்கள் பால்காரர் விஷயத்தில் உனக்கு ஐயம் இருக்கலாம், ஆனால் அன்று ஊற்றியது கறந்த பால். இன்னொன்று: என்ஜின் இதுவரை குளத்தைத் தொட்டதே இல்லை. பயன்படுத்தும் முன்பே பழுதான பொருளை மாற்றித் தருவோம் என்று உங்கள் அட்டையின் முதல் வரியே சொல்கிறது. இதையெல்லாம் நேற்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல நீ என்ன பதில் சொன்னாய்? "மாமா, தண்ணி உள்ள பூந்துச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லு." அது பதிலா? நான் உனக்குப் பெண் பார்க்க வந்தபோது இப்படி ஒரே கேள்வி கேட்டேனா? படகு என்ஜினுக்குத் தண்ணீர் ஆகாது என்றால் அதைப் படகில் பூட்டுவானேன், மாடத்தில் வைத்துக் கும்பிடவா?

மன்னிக்கவும், இது கோப்புக்கு வேண்டாத வரி. நடுவே மூன்று பேர் வாசலில் வந்து "தெப்பம் உண்டா இல்லியா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எழுந்து போய் எழுந்து போய் எழுதுவதால் கடிதத்தின் கட்டுக்கோப்பு குலைகிறது. வெள்ளிக்கிழமை அம்மனை அலங்கரித்துத் தெப்பத்தில் ஏற்றிவிட்டு, இழுக்க ஆளும் இல்லாமல் தள்ள என்ஜினும் இல்லாமல் ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி, கண்ணை மூடினால் வருகிறது. ஆகையால் கேட்கிறேன்: வியாழன் மாலைக்குள் புது என்ஜின் ஒன்றை அனுப்பு, பழையதை எடுத்துக்கொண்டு போ. இன்றேல் நுகர்வோர் மன்றத்தில் உன் பெயரையும் சேர்த்துத்தான் மனுக் கொடுப்பேன். மைத்துனர் என்ற சலுகை கிடையாது.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லா நலன்களும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கோதண்டம், செயலாளர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கோயில் பக்கம் கூச்சல் கேட்டு ஓடினேன். என் குரலுக்குப் பயந்தோ, அக்காவுக்குப் பயந்தோ, என்ஜினை ராயபுரத்துக்குக் கொண்டுவந்து பழுது பார்க்கச் சொல்லி ரகுநாதனை டெம்போவோடு நீ அனுப்பியிருக்கிறாய். நன்றி. ஆனால் அவரால் மண்டபத்தை நெருங்க முடியவில்லை. என்ஜினுக்கு மாலை போட்டிருக்கிறது, முன்னால் கற்பூரம் எரிகிறது. வேம்புலியின் மனைவி சொர்ணம் குறுக்கே நின்று, "ஆத்தாளுக்கு ஊத்துன பாலு அதும் மேலயும் ஊத்தி கீது. அத்த ஸ்பேனர் போட்டு கயட்டுவியா நீ? கை வெச்சி பாரு!" என்கிறாள். ரகுநாதன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு டெம்போவுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

நான் பழுதான பொருளைத் திருப்பித் தருவதற்கான விதியைப் படித்துக் காட்டினேன். வேம்புலி கேட்டுக்கொண்டார். பிறகு, "ரூல்ஸு கெடக்கட்டும் சார். அம்மாங்கூட ஒண்ணா குளிச்ச சாமான் எங்கியும் போவாது. தூக்கி தெப்பத்துல வையி. நாங்கோ இஸ்துகினு போறோம்" என்றார்.

"ஓடாத என்ஜினைத் தெப்பத்தில் வைத்து என்ன பயன்?" என்றேன்.

"அது ஓடலன்னா இன்னா? ஆத்தா மட்டும் அவளா ஓடறாளா? நம்மதானே இஸ்துகினு போறோம்! ஆனா ஒண்ணு சார், இந்த தபா நீயும் வந்து கயிறு புடிக்கணும்."

எவ்வளவு யோசித்தும் இதற்கு எந்த நிபந்தனையின் கீழும் எனக்கு மறுப்புக் கிடைக்கவில்லை. சரி என்றேன். உடனே டீக்கடைப் பக்கமிருந்து விசில் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் தமக்கை வாய் திறந்தாள்: "தம்பிய வரச் சொல்லி எய்துங்க."

ஆகவே, குணசேகரா, மேலே கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் வாபஸ் பெறுகிறேன். வாதங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன, கோப்பில் சேர்த்துக்கொள். புது என்ஜின் அனுப்பாதே. பழையதைக் கேட்காதே. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வா. நான் இப்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போய், வேம்புலியிடம் கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன்.