காதுகுத்தி அக்கா கூவிய நம்பர்

கோலார் தங்கவயலில் ரகசியம் என்ற ஒன்று இல்லாமல் போனதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம்: காதுகுத்தி அக்கா. பிள்ளைகளே, சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுவார்கள். ஊருக்கே கேட்கும். சுரங்கத்தை மூடினார்கள், சங்கும் நின்றது. அந்த வேலையை அக்காவின் தொண்டை எடுத்துக்கொண்டது.

அவருடைய சொந்தப் பெயர் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனில் யாருக்கும் தெரியாது. வேலை மட்டும் தெரியும். ஆட்டின் காதில் குத்துவார். கம்மல் போட அல்ல. கால்நடை டாக்டர் அவருக்கு ஒரு சின்ன மீட்டர் கொடுத்திருந்தார். பெரியவர்கள் வீட்டில் சர்க்கரை பார்ப்பார்களே, அதே மாதிரி, உள்ளங்கையில் அடங்கிவிடும். சினை ஆட்டின் காதோரத்தில் ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அதில் ஒரு பட்டையைத் தொட்டால் நம்பர் வந்துவிடும்.

என்ன நம்பர் என்று கேட்பீர்கள். குட்டி ஈனப்போகும் கடைசி மாதத்தில் தாய் ஆட்டுக்குத் தீனி போதவில்லை என்றால், அது தன் உடம்புக் கொழுப்பையே கரைத்து வயிற்றுக் குட்டிக்குக் கொடுக்கும். அப்படிக் கரைக்கும்போது கீட்டோன் என்ற ஒன்று ரத்தத்தில் ஏறும். நம்பர் ஒன்றுக்குள் இருந்தால் நிம்மதி. மூன்றைத் தாண்டினால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

நம்பரை அக்கா எழுதி வைக்க மாட்டார். கூவுவார்.

“எழுதிக்கினா என்னக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எழுதி வெச்சா தொலஞ்சிடும் தம்பி. கூவி வெச்சா நாலு வூடு ஞாபகம் வெச்சிக்கும்.”

உண்மைதான். அடுத்த வாரம் வந்து, “போன தடவ எவ்ளோ?” என்று பொதுவாகக் கேட்டால் போதும். குழாயடியிலிருந்து பதில் வரும்.

டிசம்பர் குளிரில் மீட்டர் மக்கர் பண்ணும். நம்பர் வராது, கோளாறு என்று காட்டும். அக்கா உடனே அதை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுவார், அடைகாக்கும் கோழி மாதிரி. ஒருநாள் எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக்காரர்கள் அவரைச் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. “நீங்க பாடுங்கோ, நான் பொரிச்சிட்டு வரேன்” என்றார்.

தப்பே பண்ணாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டர்சன்பேட்டைச் சந்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் ஆட்டைப் பிடித்துக் காதில் குத்திவிட்டு, “புள்ளத்தாச்சிய வெயில்ல கட்டி வெச்சிக்கினு கீறியே, நீயெல்லாம் மனுசனா?” என்று கூவ, கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: “அக்கா, அது கெடா.”

அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “இருந்தா இன்னா? அதுக்கும் வெயில் சுடும்ல?” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

நானும் அந்தக் கூட்டத்தில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தேன். என் முறை வரும் என்று அப்போது தெரியாது.

எங்கள் வீட்டு ஆட்டின் பெயர் ரோசி. வீட்டு ஆடு என்று சொன்னாலும் என்னுடையது அல்ல, என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சானுடையது. தாய் செத்துப்போன குட்டியைப் பால்புட்டி கொடுத்து வளர்த்தவர். பெங்களூரு வேலைக்கு வீடு மாற்றிப் போனபோது, மாடி வீட்டில் ஆடு வளர்க்க முடியாதென்று எங்களிடம் விட்டுப் போனார். தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்த அன்றைக்கு அவர் அழவில்லை. சினையாக இருந்த ரோசியைக் கொடுத்த அன்றைக்கு அழுதார்.

“மாப்ள, ஈஸ்டருக்கு வரேன். குட்டியும் தாயுமா காட்டணும்.”

“கவலைப்படாதீங்க மச்சான்” என்றேன்.

பிறகு லெந்து காலம் வந்தது. சிலுவையை நினைத்து நாற்பது நாள் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்போமே, அது. நான் கறியை விட்டேன். என் மனைவி சாயங்கால டீயை விட்டாள். வீடே நோன்பு இருக்கும்போது ரோசி மட்டும் சாயங்காலம் கடலைப்புண்ணாக்கும் சோளமும் மெல்லுவது எனக்கு உறுத்தியது. அதை நிறுத்திவிட்டேன்.

“வயித்துல புள்ளய வெச்சிக்கினு கீதுங்க” என்று மனைவி சொன்னாள்.

“காலைல மேயுதுல்ல? தீனி கம்மி பண்ணா குட்டி சிறுசா இருக்கும், ஈனறது சுலபம்” என்றேன். யார் சொல்லிக் கேட்டேனோ.

அதோடு விட்டேனா? சர்ச்சில் கர்த்தர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, எங்கள் வீட்டில் ஆடுகூட நோன்பு இருக்கிறது என்று சொன்னேன். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சில நாளில் ரோசி ஒரு மாதிரி ஆனாள். கிடந்த புல்லையும் தொடவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அசையாமல் நிற்பாள். சில நேரம் வானத்தைப் பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அது வியாதி என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளே, இதை எழுதக் கை கூசுகிறது. அவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, பாஸ்டர் ஐயாவையும் இன்னும் பத்துப் பேரையும் இந்த அதிசயத்தைப் பார்க்க நானே அழைத்து வந்தேன். எல்லாரும் வெள்ளை உடுப்பில் வாசலில் நின்றோம். மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள் போல, காதுகுத்தி அக்காவும் வந்து சேர்ந்தார். ரோசியின் வாயை மோந்து பார்த்தார். அழுகின பழ வாசனை. அக்காவின் முகம் மாறியது. காதில் குத்தினார். பார்த்தார்.

“மூணு புள்ளி எட்டூ!”

நந்திதுர்க் சுரங்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“புள்ளத்தாச்சிய பட்டினி போட்டது யாருப்பா?”

எல்லார் கண்ணும் என் மேல்.

“லெந்து அக்கா, அதான்…” என்றேன்.

“உங்க சாமி ஆட்ட நோம்பு இருக்கச் சொன்னாரா? உள்ள பாரு, ஆட்டுக்குட்டிய தோள்ல போட்டுக்கினு நிக்கிறாரு, படம் மாட்டி வெச்சிக்கிற! அவரு தூக்கினு போறாரு, நீ பட்டினி போடுற!”

பாஸ்டர் ஐயா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சுரங்க ஷாப்ட் ஏதாவது திறந்திருந்தால் நான் அதில் குதித்திருப்பேன்.

டாக்டர் வந்து ஊசி போட்டார், தித்திப்பான ஒரு மருந்தும் கொடுத்தார். அதை ரோசியின் கடைவாயில் ஊற்றுவது என் வேலை. அக்கா காலையும் மாலையும் வந்து குத்தினார், கூவினார். எங்கள் லைன் முழுக்க அந்த நம்பரைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டது. நான் வேலைக்குப் போகும் காலை ரயிலுக்கு நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கூடக் கேட்டார்: “இன்னாப்பா, நோம்பு ஆடு இன்னிக்கு எவ்ளோ?” பெட்டியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பெங்களூரு போய்ச் சேர்ந்தேன்.

நம்பர் மெல்ல மெல்ல இறங்கியது. ரோசி புல்லைத் தொட்டாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் இரண்டு குட்டி ஈன்றாள். ஒன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது. மற்றது எழவில்லை. அக்கா அதை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் எதையும் கூவவில்லை.

ஈஸ்டர் அன்று மச்சான் வந்தார். நேரே ரோசியிடம் போய் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்போது பார்த்து அக்கா உள்ளே நுழைந்தார். போச்சு என்று நினைத்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா தொண்டையைச் சரிசெய்தார். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

“ரெட்டைல ஒண்ணு தங்கலப்பா. அது சகஜம். உங்க மாப்ள நல்லாத்தான் பாத்துக்கினாரு.”

மச்சான் தலையைத் திருப்பாமலேயே சொன்னார்: “சாம்பியன் ஸ்டேஷன்ல எறங்கினதுமே சொல்லிட்டாங்கக்கா. ஆட்டோக்காரரு நம்பரையும் சொன்னாரு.”

மச்சான் குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். “அடுத்த லெந்துக்கு நீ வாயக் கட்டு மாப்ள. அவ வாயக் கட்டாத.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா என்னை முறைத்தார். “பாத்தியா, வாழ்க்கைல ஒரு தடவ மெதுவா பேசினேன். ஒருத்தரும் நம்பல.”

பிள்ளைகளே, என் மானத்தை ஊருக்கே கேட்கும்படி வாங்கியவர் அவர். அதே வாயால் எனக்காக ஒரே ஒரு பொய்யையும் சொன்னார். கூவிய நம்பர்களை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. மெதுவாகச் சொன்னதை நான் வைத்திருக்கிறேன்.