ஹாலிஹாக் விதைத்த முயல்

ஒரு காட்டில், அதாவது மரங்களைவிடப் படிவங்கள் அதிகமாக இருந்த ஒரு மலைக்காட்டில், தங்கபுஷ்பம் என்றொரு முயல் இருந்தது. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்த்து, அதன்படியே நடக்கும். இந்தக் கெட்ட பழக்கம் அதற்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அந்த வருஷம் காட்டு நிர்வாகம் ‘வளைதோறும் பூந்தோட்டம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு வளைக்கு முன்னாலும் ஒரு துண்டு நிலம். கொடுக்கிற விதையைப் போட்டு ஒரு வருஷத்துக்குள் பூக்க வைத்தால் வளையும் நிலமும் பட்டாவோடு சொந்தம். பூக்காவிட்டால் இரண்டையும் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தது ஹாலிஹாக் விதை. குளிர்மலையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தண்டு நெடுக அகல அகலமாகப் பூக்கிற செடி. ஆனால் விதைத்த வருஷம் இலை மட்டும்தான் விடும், பூ மறுவருஷம்தான். திட்டம் தீட்டிய யானைகளுக்கு இது தெரியாது. அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர்களுக்குச் செடியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அநியாயமான எதிர்பார்ப்பு.

தங்கபுஷ்பம் விதையை ஊறவைத்து, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்டு, மேலாக மண் தூவியது. முளைத்தது. வெண்டை இலை போல அகன்ற இலைகள் தளதளவென்று வந்தன. முயலின் வாசலில் இலை! தினமும் எச்சில் ஊறும். முகத்தைத் திருப்பிக்கொண்டு காய்ந்த புல்லைத் தின்னும். ஒரு வருஷம் முழுக்க இப்படி. நினைத்தால் எனக்கே அழுகை வருகிறது.

பக்கத்து வளை நரி விதைப் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. ஆய்வுக்கு முந்தின நாள் காட்டில் பூத்திருந்த கிளைகளை ஒடித்து வந்து மண்ணில் குத்தி வைத்தது.

ஆய்வாளர் காட்டெருமை பதிவேட்டோடு வந்தது.

“பூ எங்கம்மா?”

“இது ரெண்டாம் வருஷம்தான் பூக்கும் சார். வேர் எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க.”

“வேருக்கு இதுல கட்டம் இல்ல. பூ உண்டா, இல்லையா?”

“அடுத்த வருஷம் உண்டு சார்.”

“அப்ப இல்ல.”

நரியின் வாசலுக்குப் போய்ப் பதிவேட்டில் ‘உண்டு’ என்று எழுதியது. பூவெல்லாம் வாடித் தலை தொங்கிக் கிடந்தது. அதற்கும் கட்டம் இல்லை.

ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு செடியையாவது கொண்டுபோகலாம் என்று தங்கபுஷ்பம் தோண்டியது. ஆணிவேர் ஆழமாக இறங்கியிருந்ததால் பாதியில் அறுந்துவிட்டது. அன்றைக்குத்தான் அந்த இலையை முதன்முதலாகத் தின்றது. அழுதுகொண்டே தின்றது. ருசியாகத்தான் இருந்ததாம்.

காலியான நிலத்தை, சாதனை படைத்த நரிக்கே கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். மறுவருஷம் ஹாலிஹாக் பூத்தது. சிவப்பும் வெள்ளையுமாக, பார்த்தவர்கள் வாயைப் பிளக்கும்படி பூத்தது. நரிக்குப் பொன்னாடை போர்த்தி ‘மலர்ச் செம்மல்’ பட்டம் கொடுத்தார்கள். “உழைப்பு, பொறுமை, ரெண்டும் வேணும்” என்று நரி பேசும்போது குரல் தழுதழுத்தது.

புதரடியில் குடியிருந்த தங்கபுஷ்பம் வேறு நிலத்துக்கு மனுப் போட்டது. பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்கள். பயிற்சி கொடுப்பது நரி. முயல் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது. கடைசியில் எழுந்து கேட்டது.

“ஐயா, மொத வருஷம் பூக்கலன்னா என்ன பண்றது?”

“எனக்கு எடுத்த வருஷமே பூத்துச்சும்மா. எல்லாம் எடத்தப் பொறுத்தது. எடம் பாத்து எடுக்கணும்.”

சான்றிதழோடு தங்கபுஷ்பம் நேராக அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மந்தி, “எந்த எடம் வேணும்?” என்றது.

“யாராச்சும் விதைச்சு, பூக்கலன்னு எழுதின எடம் இருக்குங்களா?”

மந்தி பதிவேட்டைப் புரட்டியது. “ஒரு அணிலோடது இருக்கு. இன்னும் காலி பண்ணல. வாசல்ல உக்காந்து ஒரே அழுகை.”

தங்கபுஷ்பம் ஜன்னலை ஒட்டி நெருங்கி நின்றது.

“இலை எப்படி இருக்கு?”

“தளதளன்னு இருக்கு.”

முயல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டது.

நீதி: விதையிலிருந்து ஹாலிஹாக் வளர்க்க இரண்டு வருஷம் ஆகும். முதல் வருஷத்தை எப்போதும் அடுத்தவரிடம் விட்டுவிடுங்கள்.