காட்டில் ஒரு வத்தல் மண்டி

நான் மூணாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூணாம் வகுப்போடு நின்றவன் அருப்புக்கோட்டையில் சொந்தமாக மிளகாய் வத்தல் மண்டி வைத்து ஊர் ஊருக்கு லோடு அனுப்பினான் என்றால், வெட்கப்பட வேண்டியது பத்தாம் வகுப்பு வரைக்கும் போனவர்கள்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பிள்ளைகள் ஒன்றுகூடி என்னைப் பார்த்துச் சிரித்த நாள் ஒன்று உண்டு. (அதற்கப்புறம் சிரித்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் என் வீட்டு ஆட்கள்.)

எண்பதுகளின் கடைசி. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு நான்தான் பெற்றோர் சங்கத் தலைவர். வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் மும்தாஜ் டீச்சர், வகுப்புக்குக் குறுக்கே கயிறு கட்டி, கதைப் புத்தகங்களைத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் பிடித்ததை உருவிக்கொண்டு, பிடித்த மூலையில் உட்கார்ந்து தானாக வாசிக்கலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டீச்சரும் தன் பங்குக்கு ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வார்.

தலைவர் சும்மா இருக்க முடியுமா?

"என்ன டீச்சர், பாடம் நடத்தாம நீங்க பாட்டுக்குக் கதை படிச்சா எப்படி?"

"நான் படிக்கிறதப் பாத்துத்தான் அண்ணாச்சி அதுகளும் படிக்குதுக. படி படின்னு சொல்லி எந்தப் பிள்ளை படிச்சிருக்கு? நீங்க படிச்சீகளா?"

(கயிற்றில் எத்தனை புத்தகம் தொங்குகிறது என்று எண்ண ஆரம்பித்தேன்.)

பிறகு விஷயத்தைச் சொன்னார். புத்தகம் கிழிந்தால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி சொல்லியிருந்தார். டீச்சர் மன்றாடி ஒரு மாதம் தவணை வாங்கியிருந்தார். அடுத்த தடவை அவர் வரும்போது, பிள்ளைகள் இதுவரை பார்க்காத புத்தகத்தைத் தானாக வாசித்தால் கயிறு இருக்கும். இல்லாவிட்டால் பீரோதான்.

"இருக்கிற பதினாலு புத்தகமும் அதுகளுக்கு மனப்பாடம் அண்ணாச்சி. புதுசுக்கு எங்க போவேன்?"

"நான் எதுக்கு இருக்கேன்? கொண்டாரேன்" என்றேன்.

மதுரைக்குப் போய் ஒரு சாக்கு நிறையக் கதைப் புத்தகம் வாங்கினேன். அதோடு விட்டிருந்தால் நான் மனிதன். மண்டியில் முத்திரை விழாத சாக்கு வாசலைத் தாண்டாது. வழியில் யாராவது மாற்றிவிடுவார்கள். புத்தகமும் அப்படித்தானே? ஒரு பக்கத்தில் மட்டும் குத்தி, அது கிழிந்தால் என் பெயரும் அதோடு போய்விடுமே! ஆகவே சாக்குக்குக் குத்தும் இரண்டு விரல் அகல மரமுத்திரையை எடுத்து, 'வே. சங்கரலிங்கம், வத்தல் மண்டி' என்று பக்கத்துக்குப் பக்கம் ஊதா மையில் குத்தினேன். எழுத்தின்மேல் குத்துகிறோமே என்று தோன்றவில்லை. எழுத்து எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

அதிகாரி வந்த அன்று, அவர் முன்னாலேயே சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். அவரே ஒன்றை எடுத்து ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் நீட்டினார். அது என் மகள் செல்வி.

"'ஒரு காட்டில் ஒரு வத்தல் மண்டி இருந்தது'" என்று வாசித்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"'முயலைக் கண்டதும் வே. சங்கரலிங்கம் நாக்கைத் தொங்கப்போட்டது.'"

"ஏலே, செல்வி அப்பா முயலத் திங்கப் போறாருலே!" என்று ஒருவன் கத்த, வகுப்பே உருண்டது.

"தலைவரே, இதை நீங்க பாக்கலையா? கொஞ்சம் வாசிங்க" என்று அதிகாரி என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கத்தில் நான் திக்காமல் வாசித்தது என் பெயர் ஒன்றைத்தான். கம்பீரமாக இருக்கட்டும் என்று இரண்டு தடவை வாசித்தேன்.

"பீரோ சாவி எங்க டீச்சர்?" அதிகாரியின் கை கயிற்று முடிச்சுக்குப் போய்விட்டது.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வி பக்கம் குனிந்து, "அந்த எடத்துல என்னம்மா இருக்கும்?" என்றார்.

"நரி டீச்சர்."

"மறைஞ்சிருக்கே, எப்படிச் சொல்ற?" என்றார் அதிகாரி.

"அடுத்த வரியில ஊளையிடுது சார். மண்டி ஊளையிடுமா?" ஜன்னலுக்கு ஓடி, வெயிலில் தாளைப் பிடித்துப் பார்த்தாள். "நரியேதான்!"

அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் குவியலில் பாய்ந்துவிட்டன.

"சார், இதுல அண்ணாச்சி கெணத்துல விழுந்துட்டாரு! ஓடு ஒடஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு, ஆமைதான் சார்!"

"என் புத்தகத்துல சங்கரலிங்கம் முட்டை போட்டிருக்காரு! கோழி சார்!"

அதிகாரியும் தரையில் சம்மணம் போட்டு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அவர் ஏற வேண்டிய திருச்சுழி பஸ் போனதுகூடத் தெரியவில்லை. எழுந்தபோது, "மறைச்சதையே வாசிக்குதுக. இதுகளுக்கு எதுக்கு டீச்சர் பூட்டு?" என்றார். கயிறு தப்பியது. அந்த வாரமே பக்கத்தில் இன்னொரு கயிறும் கட்டினோம். வேண்டுமென்றேதான் முத்திரை குத்தினேன் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். (வெளியூர்க்காரர்கள் நம்பினார்கள்.)

டீச்சர் மட்டும் விடவில்லை. "மறைஞ்ச வார்த்தையெல்லாம் துண்டுத்தாளுல எழுதி நீங்களே ஒட்டுங்க அண்ணாச்சி."

வாரத்தில் இரண்டு மத்தியானம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மறைந்த வார்த்தை தெரிய அந்த வரியை வாசிக்கணும். வரி புரிய முந்தின வரியை வாசிக்கணும். முதலில் செல்வி விரல் வைத்துக் காட்டினாள். பிறகு, "தள்ளு, நானே பாக்கேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வருசத்தில் சாக்குப் புத்தகம் அத்தனையும் வாசித்து முடித்தேன். எங்கள் ஊரில் வேறு எவன் அப்படி வாசித்திருக்கிறான்?

ஒரே ஒரு இடம் பிடிபடவில்லை. போருக்குக் கிளம்பிய ராஜா அவசரமாக எதையோ குடிக்கிறார். அங்கே என் முத்திரை இரண்டு தடவை விழுந்திருந்தது. வெயிலில் பிடித்தும் தெரியவில்லை. பால் என்றது ஒரு பிள்ளை, கஞ்சி என்றது இன்னொன்று.

"நீங்களே யோசிச்சு எழுதுங்க அண்ணாச்சி. இங்க யாரும் கேள்வி கேக்க மாட்டோம்" என்றார் டீச்சர்.

ரொம்ப நேரம் யோசித்து, எங்கள் பக்கம் உடம்புக்குத் தெம்பு என்று பருத்தி விதையில் காய்ச்சிக் குடிக்கும் 'பருத்திப்பால்' என்று எழுதி ஒட்டினேன். அடுத்த பக்கத்தில் ராஜா ஜெயித்துவிட்டார்.

இன்றைக்கும் என் பேரன் பேத்திகளுக்கு எங்கள் வீட்டில் யார் எந்த ராஜா கதையைச் சொன்னாலும், ராஜா பருத்திப்பால் குடித்துவிட்டுத்தான் சண்டைக்குப் போகணும். குடிக்காமல் போனால், "தாத்தா, இந்த ராஜா தோத்துருவாரு" என்று அதுகளே எழுந்து போய்விடும்.