வேலியரும் குட்டி நாட்டு எல்லையும்

வேலியர் எங்கே உட்கார்ந்தாலும் அங்கே ஓர் எல்லை முளைத்துவிடும். ரயிலில் உட்கார்ந்தால் முழங்கையை வைத்து, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் குடையை வைத்து, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் தண்ணீர்க் கிளாஸை வைத்துத் தன் நிலப்பரப்பைப் பிரகடனம் செய்வார். எல்லையைப் பற்றி அவரைவிட அதிகம் யோசித்த மனிதர் லண்டன் மாநகரில் இருந்திருக்க மாட்டார் என்று நான் பந்தயம் கட்டத் தயார். ராணுவ அமைச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவருக்கு நாடுகளின் எல்லையைப் பலப்படுத்தும் வேலையே கிடைத்ததை விதி என்பதா, மேஜரின் அப்பாவித்தனம் என்பதா, தெரியவில்லை. 2009இல் இல்ஃபோர்டில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே பட்டுப் புடவை விற்றார்கள். மேலே நாங்கள் சின்ன நாடுகளின் ராணுவங்களுக்கு ஆலோசனை விற்றோம்: பாலம் எப்படிப் போடுவது, காவல் கோபுரம் எங்கே நிற்பது, வேலி எவ்வளவு உயரம் என்று. மேஜர்தான் முதலாளி. பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலியர் படம் வரைவார். நான் அறிக்கை எழுதுவேன். வேலியர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் தொழில் படித்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு இங்கிலாந்துக்குக் கிளம்பி வந்தவர். நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்தும் போகாமல் ஒட்டிக்கொண்டவள்.

வேலியர் என்று பெயர் வைத்தது நான்தான். வைத்தது அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே. எங்கள் இருவர் மேசையும் ஒட்டியிருந்தன. காலையில் வந்து 'வணக்கம்' கூடச் சொல்லவில்லை, இரண்டு மேசையும் சேரும் கோட்டில் மஞ்சள் நாடாவை நீளமாக ஒட்டினார்.

"குறை நினையாதையும் பிள்ளை. இப்ப ஒட்டினா சிரிப்பு. பிறகு ஒட்டினா சண்டை."

"என்னா அண்ணே இது, ஒரு மேசைக்குப் போயி..."

"மேசைதானே எண்டுதான் எல்லாரும் தொடங்குறவை."

அன்று மத்தியானமே என் ஸ்டேப்ளர் நாடாவைத் தாண்டிவிட்டது. அதை அவர் கையால் தொடவில்லை. ஸ்கேலால் மெல்லத் தள்ளி என் பக்கம் கொண்டுவந்து விட்டு, "உம்மட ஆள் ஒருத்தர் வழி தவறி வந்திட்டார்," என்றார். அலுவலக ஃபிரிட்ஜிலும் அட்டை வைத்துத் தட்டுகளைப் பிரித்தார். மேஜரின் பால் போத்தல் ஒருநாள் அட்டையைச் சாய்த்துக்கொண்டு அவருடைய கத்தரிக்காய்ப் பொரியல் மேல் விழுந்தபோது, வேலியர் மேஜரை அழைத்துச் சம்பவ இடத்தைக் காட்டினார். மேஜர் மன்னிப்புக் கேட்டார். போர்க்களத்தில்கூட அந்த மனிதர் அவ்வளவு பணிவாக நின்றிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈப்போவிலிருந்து அம்மா போனில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அங்க நமக்குன்னு யாராச்சும் இருக்காங்களாடி?"

"யாரும் இல்லம்மா. ஆபீஸ்ல ஒரு தமிழாளு இருக்காரு. நடுவுல வேலி போட்டு வச்சிருக்காரு."

இத்தனை எல்லைப் பித்துக்கும் காரணம் பரம்பரை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேலியரின் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு வேலிக்காகக் கோர்ட்டில் வழக்காடிக்கொண்டே வயதானவர்களாம். "சின்ன நாடும் சின்ன வளவும் ஒண்டுதான் பிள்ளை," என்பார். வளவு என்றால் வீட்டைச் சுற்றிய காணி. "பெரிய நாட்டுக்காரன் கொஞ்சம் போனாலும் தாங்குவான். சின்னவனுக்கு ஒரு வேலிக்கம்பு தள்ளி நட்டாலே போச்சு."

இப்படிப்பட்டவர் தன் வீட்டு வேலியை எஃகில் அல்லவா போட்டிருக்க வேண்டும்? அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது.

ஒரு காற்று நாளில் அவர் வீட்டுத் தோட்டத்தின் மரவேலி சாய்ந்தது. வேலியர் நூல் பிடித்து, தன் நிலத்தில் ஒரு விரல்கூடப் போகாமல் புதிதாக நிமிர்த்தினார். நிமிர்த்திய கையோடு ரம்பத்தை எடுத்து, நடுவில் ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஓட்டை போட்டார். அடுத்த வீட்டு ஆங்கிலேய அம்மையார் தேநீரோடு தோட்டத்துக்கு வந்தபோது, அந்த ஓட்டைக்குள் வேலியரின் தலை தெரிந்தது. "குட் மார்னிங்" என்று வேறு அது சொல்லியிருக்கிறது. கோப்பை உடைந்தது. கவுன்சிலில் இருந்து ஆள் வந்தான்.

"ஏன் அண்ணே, வேலிய கட்டிட்டு நீங்களே ஓட்டை போட்டீங்க?"

"ஓட்டை இல்லை பிள்ளை. அது பொட்டு. எங்கட ஊரில ஒவ்வொரு வேலியிலயும் ஒரு பொட்டு இருக்கும். கறி குடுக்க, நெருப்பு வாங்க, அவசரத்துக்கு ஓட. பொட்டு இல்லாட்டி அது வேலி இல்லை, மறியல் வீடு, ஜெயில்."

"அப்ப எல்லை?"

"எல்லை எல்லைதான். பொட்டு பொட்டுதான். இதில உமக்கு என்ன விளங்கேல்லை?"

எதுவுமே விளங்கவில்லை. ஆனால் அந்த மனிதரை வேடிக்கை பார்ப்பதை விட்டு, கவனிக்க ஆரம்பித்தது அன்றுதான். ஸ்டேப்ளருக்கு விசா கேட்பவர் வேலியில் ஏன் வழி விடுகிறார்? பொட்டைக் கவுன்சில்காரன் பலகை வைத்து அடைத்தான். இரண்டாவது பொட்டை அவர் வைத்தது வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் அன்னதான வரிசையில். கயிறு கட்டும் பொறுப்பைக் கேட்டு வாங்கி, ராணுவ ஒழுங்கில் கட்டி, வயதானவர்கள் நுழைய ஓரத்தில் ஒரு பொட்டு விட்டார். பத்து நிமிஷத்தில் ஒட்டுமொத்த வரிசையும் பொட்டு வழியாகவே வந்தது. வயதானவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். கோயில்காரர்கள் கயிறையும் பறித்துக்கொண்டு வேலியரையும் சாம்பார் வாளிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் வைகாசியில், இலங்கையில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்களில், சவுத்தாலிலிருந்து இல்ஃபோர்ட் வரை இலங்கைத் தமிழர் வீடுகளில் எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார்கள். வேலியர் அலுவலகத்துக்கு வந்தார், படம் வரைந்தார், போனார். அவர் சாமான்கள் நாடாவைத் தாண்டிக் கிடந்தன. அவர் கவனிக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்கேலால் தள்ளி அவர் பக்கம் வைத்தேன்.

இலையுதிர் காலத்தில் அந்தக் குட்டி நாடு வந்தது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். மலைகளுக்கு நடுவே ஒரு நாடு. அதன் ராணுவத்துக்குப் பொறியியல் பிரிவு என்று பெயரளவில் ஒன்று இருந்தது. அதைப் பயிற்றுவிக்க வேண்டும், எல்லைச் சாலை, பாலம், கோபுரம், வேலி எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டுத் தர வேண்டும். ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்த ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் அலுவலகத்தை மூடிவிடுவதாக மேஜர் சொல்லிவிட்டார். அலுவலகம் மூடினால் என் வேலை போகும். வேலை போனால் விசா போகும்.

"உம்மட விசா என்ன மாதிரிப் பிள்ளை?" வேலியர் ஒருநாள் படத்திலிருந்து நிமிராமலே கேட்டார்.

"இது கெடைச்சா இருப்பேன். இல்லாட்டி ஈப்போதான் அண்ணே."

"ம்," என்றார். அவ்வளவுதான்.

அந்த நாட்டுக் கர்னலோடு போனில் பேசும் நாள் வந்தது. மேஜர் மண்ணின் தன்மை, ஆற்றின் வேகம் என்று கேட்டு முடித்தார். வேலியர் குறுக்கே புகுந்தார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் வேலியர் எந்த மொழியில் பேசினாலும் என் ஞாபகத்தில் அது அவருடைய தமிழாகவே பதிந்திருக்கிறது.

"சேர், அங்கால ஆர் இருக்கினம்?"

"எதிர் நாட்டுக்காரர்கள்," என்றார் கர்னல்.

"அது தெரியும். ஆடு வளக்கினமோ? ஆடு எந்தப் பக்கம் தண்ணிக்குப் போகும்? இஞ்சாலப் பெட்டையளை அங்கால கட்டிக் குடுத்திருக்கோ? செத்தவீட்டுக்கு ஆக்கள் எதால வருகினம்?"

மேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஈப்போ டிக்கெட் விலையை யோசித்தேன். பிறகு கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. மேஜரின் தேநீர் ஆறி ஆடை கட்டிய பிறகும் ஏதோ ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலியர் அந்த எல்லைக்கு ஒரு மாதிரி வடிவம் செய்ய உட்கார்ந்தார். தெர்மோகோலில் மலை, கறிவேப்பிலைக் கொத்தில் காடு. வேலிக்குச் சவுத்தாலில் ஒரு தென்னை விளக்குமாறு வாங்கி வந்து, ஈர்க்கு ஈர்க்காக முறித்து நட்டார். அறை முழுக்கக் கறிவேப்பிலை வாசம். சாமி வந்தவர் மாதிரி வேலை செய்தார். அந்தக் குட்டி நாடே மேசை மேல் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

கர்னல் நேரில் வந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். கோபுரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பாலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஓடைப் பக்கம் வந்ததும் குனிந்தார்.

"இங்கே வேலி ஒடிந்திருக்கிறதே?"

மேஜரும் குனிந்தார். நானும் குனிந்தேன். ஈர்க்கு வரிசையில் சின்னதாக ஓர் இடைவெளி. மூன்றாவது பொட்டு!

"ஒடியேல்லை சேர். அது நான் விட்டது."

"எல்லையை அடைக்கத்தானே உங்களிடம் வந்தோம்? எதிரி நுழைந்தால்?"

"எதிரி டாங்கியில வருவான் சேர். அவனுக்கு இந்த அகலம் காணாது. குனிஞ்சு வாற ஆளுக்குத்தான் இது காணும். குனிஞ்சு வாறவன் சண்டைக்கு வாறேல்லை."

கர்னல் மீசையிலிருந்து கையை எடுத்தார். வேலியர் நிறுத்தவில்லை.

"எங்கட அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வேலிக்குக் கோட்டேறினவை. முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. ஆனா பொட்டை ரெண்டு பேரும் அடைக்கேல்லை. செல் குண்டு விழத் தொடங்கின அண்டைக்கு ரோட்டால ஓட ஏலாது. எங்களிட்டப் பதுங்கப் பங்கர் குழி இல்லை, அவரிட்ட இருந்தது. அந்தப் பொட்டுக்குள்ளால பூந்துதான் போனாங்கள். அந்த மனிசன்தான் அப்பாவைக் கையில பிடிச்சு உள்ளுக்கு இழுத்தவர்."

எனக்கு அன்றுதான் எல்லாம் விளங்கியது.

"அப்புறம் அந்த வழக்கு?" என்று கேட்டார் கர்னல்.

"அது நடந்தது சேர். ஏன் நிப்பாட்டுவான்? வழக்கு வேற, பங்கர் வேற."

கர்னல் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துப் பெருமூச்சு விட்டார். "எனக்குப் புரிகிறது. ஆனால் ஓட்டை வைத்த வேலியை நான் அமைச்சரிடம் கொண்டுபோக முடியாது. அடைத்தால் இன்றைக்கே கையெழுத்து. இல்லாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்."

மேஜர் வேலியரை வற்புறுத்தவில்லை. அவர் நல்ல மனிதர். வேலியர் மாதிரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விரல் நிலத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். கவுன்சில்காரனோடு வாசலில் நின்று வாதாடியவர். அவர் மாட்டேன் என்றால் அது நியாயம் என்று எனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் கும்பிட்டதும் நான்தான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். அளந்து முறித்து, அந்த இடைவெளியில் குத்தினார். இன்னொன்றை முறித்துக் குத்தினார். சரிகிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார்.

"அடைச்சாச்சு சேர்."

கர்னல் கையெழுத்துப் போட்டார். மேஜர் வேலியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்த இரண்டு ஈர்க்கும் நெஞ்சில் குத்திக்கொண்டும் இருந்தன. நன்றி சொல்லப் போனேன். அவர் பென்சில் சீவுவதில் மும்முரமாக இருந்தார்.

அடுத்த வேலைநாள் காலையில் என் மேசைக்கு வந்தால், மஞ்சள் நாடாவின் நடுவில் ஒரு துண்டைக் காணவில்லை. பிளேடால் நேர்த்தியாக வெட்டி எடுத்திருந்தது. ஒரு சாப்பாட்டுப் பெட்டி போகும் அகலம்.

"அண்ணே, எல்லை அறுந்து கெடக்கு."

"அறுந்ததோ? வடிவாப் பாரும்," என்றார். மத்தியானம் அந்த வழியாக ஒரு டப்பா வந்தது. ஸ்கேலால் தள்ளவில்லை, கையால் தந்தார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். "பிடியும் பிள்ளை. ஆறப் போகுது."

மிச்ச நாடா நான் அந்த அலுவலகத்தை விட்டுப் போகும்வரை அப்படியே இருந்தது. ஸ்டேப்ளர் தாண்டினால் திருப்பி அனுப்பப்பட்டது. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மா வழக்கம்போலக் கேட்டார், அங்கே நமக்கென்று யாராவது இருக்கிறார்களா என்று.

"இருக்காரும்மா," என்றேன். "பக்கத்து வீட்டுக்காரரு."