மூட்டைக்குக் கட்டிய மச்சில் ஒரு குடித்தனம்

மேற்குத் தாம்பரம்,
12-11-1991

பொழிச்சலூரில் இருக்கும் மச்சான் கேசவனுக்கு அரிகிருஷ்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சாமுண்டீஸ்வரியும் சௌக்கியம். உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். என் தவிட்டுக் கடைக்கு மேலே, மச்சில் நீ குடிவைத்த ஸ்ரீரங்கனின் புதுப் பெண்டாட்டி சுந்தரவல்லிக்கு இதுவரை ஏழு முறை உத்தரத்தில் தலை இடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் அப்பா அவளை ஊருக்கு அழைத்துப் போகிறார்.

அந்த மச்சு மூட்டை அடுக்கக் கட்டியது. உயரம் ஐந்தரை அடி. தாம்பரத்தில் மாடு குறைந்து மனை பெருகியதால் மூட்டையும் குறைந்தது. "சும்மா கெடக்கிற எடத்துல ஒரு பேங்க் பையனை வெச்சா இன்னா மாமா? ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம், மார்க்கெட் மூணு நிமிஷம், எல்லாமே நடக்கிற தூரம்" என்று நீதான் சொன்னாய். நான் பையனை உத்தரத்தின் கீழ் நிறுத்திப் பார்த்தேன். மூன்று அங்குலம் மிச்சம் இருந்தது, திருப்தி. ஆவணியில் கல்யாணம் என்றான். பெண்ணின் உயரத்தைக் கேட்க நான் யார்? பத்துப் பொருத்தம் பார்த்தவர்களே கேட்கவில்லை.

பெண் வந்தாள். வலது காலை எடுத்துவைக்கச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள், தலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டங். அவள் ஐந்தடி எட்டங்குலம் மச்சான். ஆனால் ஒரு குறையும் சொல்லவில்லை, கொத்தமல்லி வாங்க ஒரு தடவை, கறிவேப்பிலைக்கு ஒரு தடவை, அதற்குக் காசு கொடுத்தோமா என்று கேட்க ஒரு தடவை என்று நாள் முழுக்க மார்க்கெட்டுக்கு நடந்தாள், ஏம்மா என்று கேட்டால், "தெருவுலதான் அண்ணா நிமிர முடியுது" என்று சிரித்தாள், நானும் சரி, காலுக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

தலை தீபாவளிக்கு மதுராந்தகம் போயிருக்கிறார்கள். அங்கே பன்னிரண்டு அடி உயரக் கூடத்தில் பெண் குனிந்தே நடந்திருக்கிறாள். மாமியார் கொடுமையோ என்று அம்மா அழுதிருக்கிறாள். அப்பா தசரதன் நேற்றுக் கிளம்பி வந்தார், மச்சில் ஏறினார், டங். அதற்கப்புறம் விசாரணை தேவைப்படவில்லை.

"எம் பொண்ணு நிமிந்து நின்னா வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா வெள்ளிக்கெழமை கூட்டிகினு போறேன்" என்றார்.

ஸ்ரீரங்கன் மெதுவாக, "இங்கேர்ந்து ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம் மாமா..." என்றான்.

"அப்ப ஸ்டேஷனையே கட்டிக்குங்க மாப்ளே!"

பையன் கண் கலங்கிவிட்டது. உடனே உன் அக்கா ஆரம்பித்தாள்: "மச்சுத் தரை பலகைதானே? ஒரு அடி கீழ எறக்குங்க." இறக்கினால் கடையின் கூரை அல்லவா இறங்கும்? என் மின்விசிறி யார் தலையைச் சீவும்? மூட்டை தூக்கும் சின்னப்பனைக் கேட்டேன். "தலையில மூட்ட வெச்சிகினு குனிஞ்சி வரணுமா மொதலாளி? அந்தம்மாவுக்குக் கழுத்து வலின்னா என் கழுத்த ஒடிப்பியா?" என்றான். நியாயம். நான் கடை வைத்திருப்பது வியாபாரத்துக்கு. ஆகவே வியாழக்கிழமைக்குள் பம்மல் பக்கம் உயரமான வீடாக ஒன்று நீயே பார்த்துக் கொடு. அவர்கள் காலி செய்ய வேண்டும். இதில் மறு பேச்சு இல்லை.

உன் பிள்ளைகள் நன்றாக வளரட்டும். அளவோடு வளரட்டும்.

இப்படிக்கு,
அரிகிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது சுந்தரவல்லி, வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு இப்போதே சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்து, ஏணி இல்லாமல் மேல்தட்டில் கைவிட்டு, "பொரட்டாசி மாசத்துலேர்ந்து தேடுறீங்களே அண்ணா, எடைக்கல்லு இங்கதான் இருக்கு" என்று எடுத்து வைத்தாள். அந்த ஏணிக்கு இரண்டு வருஷமாக ஒரு படி இல்லை. தச்சனுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். வீடு பார்க்க வேண்டாம். பேசி முடித்தது: வாடகை அதே நானூற்றைம்பது. தரை ஒரு அடி கீழே. மின்விசிறியைக் கழற்றுகிறேன், இனி எனக்கு ஓலை விசிறி. மேல்தட்டுச் சரக்கைச் சுந்தரவல்லி இறக்கித் தருவாள். சின்னப்பன் இனி முதுகில் சுமப்பான், மூட்டைக்கு நாலணா கூடுதல். ஆள் சொன்னவன் நீ என்பதால் தச்சன் கூலி உன்னுடையது.