விரிசலின் நுனி

ஓய்வுபெற்ற தட்டச்சர் நாற்காலிமேல் ஏறி நின்று சுவரைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை விரிசலின் நுனியில் அவர் போட்ட பென்சில் கோடு, இப்போது நுனிக்கு நாலு விரல் கீழே இருந்தது.

"வளர்ந்துடுச்சு" என்றார். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

மாதக் கடைசியில் மகள் குழந்தைகளோடு வரப்போகிறாள், இரண்டு வருடம் கழித்து. அதற்குள் பூசிவிடலாம் என்றுதான் கொத்தனாரைக் கூப்பிட்டார். அவரோ கரண்டியை வெளியே எடுக்கவே இல்லை.

"வளர்ற விரிசலைப் பூசினா பக்கத்துலயே இன்னொண்ணு விடும் சார். நுனியில ஒரு கோடு போட்டு வைங்க. தாண்டலேன்னா ஒண்ணுமில்லை, பூசிடலாம். தாண்டிச்சுன்னா காரணத்தைத் தேடணும்."

தாண்டிவிட்டது. போன் செய்தார்.

"சன்னல் பக்கம் மரம் இருக்கா சார்?"

"இருக்கே."

"வேர் மண்ணோட ஈரத்தை உறிஞ்சிடும். அஸ்திவாரம் இறங்கும்."

மரத்தை வெட்டினார். காலையில் அவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பதே அதிலிருந்த இரண்டு குருவிகளுக்காகத்தான். இப்போது மனசுக்குள் படித்துக்கொள்கிறார்.

நுனியில் புதுக் கோடு போட்டார். அடுத்த ஞாயிறு மறுபடியும் நாலு விரல்.

"மாடியில பாரம் எதாவது?" என்றார் கொத்தனார்.

மாடியில் குடியிருந்தவரிடம் கட்டில் அகலத்துக்கு ஒரு மீன் தொட்டி இருந்தது. தினமும் மாலையில் சதுரங்கம் ஆட இறங்கி வருவார்.

"தொட்டியை மட்டும் எடுத்துடுங்களேன்."

"மீனுங்களை விட்டுட்டு நான் எங்க இருக்கிறது? நாங்க எல்லாருமே போயிடறோம் சார்."

போய்விட்டார். பலகையில் தட்டச்சருடைய ராணி வெட்டுப்படும் நிலையில் அப்படியே நின்றது.

மூன்றாவது ஞாயிறும் நாலு விரல். கணக்குப்படி பார்த்தால் விரிசல் இந்நேரம் பரணைத் தொட்டிருக்க வேண்டும்; தொடவில்லை. பயந்தவன் எங்கே கணக்குப் பார்க்கிறான்?

மகளுக்குப் போன் செய்தார். "சுவர் நிக்காது போலிருக்கும்மா. குழந்தைங்களோட இப்ப வர வேணாம்."

"நிஜமாவாப்பா?"

"கோடு போட்டுப் பார்த்துட்டேன்."

"சரிப்பா. டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன்."

சனிக்கிழமை, வாரம் ஒருநாள் வீடு துடைக்கும் அம்மா வந்தார். அவர் கையிலிருந்த ஒட்டடைக் கம்பு அவரைப்போல் இரண்டு மடங்கு உயரம். அதன் நுனியில் ஈரத் துணி.

"இனிமே நீங்களும் வர வேணாம்மா" என்றார் தட்டச்சர். "சுவர் எப்ப விழும்னு தெரியலை. அந்தக் கோட்டைப் பாருங்க, வாரா வாரம் கீழேயே நின்னுபோயிடுது."

அந்த அம்மா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"திட்டாதீங்க சார். நான் துடைக்கிறப்ப எல்லாம் உங்க கோடு அழிஞ்சுடுது. நாற்காலியில ஏறினா தலை சுத்தும்னு, கீழ நின்னே கை எட்டுற உயரத்துல நானே திரும்பப் போட்டுடறேன்."